பேர் வெட்டிய தாம்பாளம்

காங்கேயம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, டயர் கடை மாடியில் ஜெசிந்தா டீச்சரின் இங்கிலீஷ் வகுப்பு. டீச்சருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சென்னியப்பனுக்கு ஐம்பத்தெட்டு. கொப்பரைக்குத் தேங்காய் காயப்போடும் களம் வைத்திருப்பவர். ஆட்களுக்கு உத்தரவு போட்டே பழகியவர், இங்கே வந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதாகிவிட்டது. வேறு வழியில்லை.

மகள் நிவேதா பூனாவில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் மராத்திப் பையனைத்தான் கட்டுவேன் என்று ஒரே பிடியாக நின்றாள். பையன் வீட்டாருக்குத் தமிழில் 'வாங்க' கூடத் தெரியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். தட்டு மாற்றும்போது சபையில் நாலு வார்த்தை இங்கிலீஷில் பேசிவிட்டால் போதும், எவன் தயவும் வேண்டாம் என்பது சென்னியப்பனின் எண்ணம். டீச்சரிடமும் நிச்சயதார்த்த விஷயத்தைச் சொல்லித்தான் சேர்ந்திருந்தார்.

எவன் என்று அவர் நினைத்தது மச்சான் குழந்தைவேலுவை. நிவேதாவின் தாய்மாமன். பேங்க் மேனேஜராக இருந்தவர், இங்கிலீஷ் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. மூணு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. மகளோ, மாமா வராமல் நான் சபையில் வந்து உட்கார மாட்டேன் என்று போனிலேயே சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள்.

அன்றைக்கு டீச்சர் ஒவ்வொருவரையும், வகுப்புக்கு எப்படி வந்தீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார். சென்னியப்பன் எழுந்தார்.

"ஐ சேஞ்ச்டு பஸ் அட் வெள்ளகோவில்."

"பஸஸ்" என்றார் டீச்சர்.

"ஒரு பஸ்தானுங்க டீச்சர்."

"மாறினீங்கல்ல? அப்ப பஸஸ். கை குலுக்கினா ஹேண்ட்ஸ். தட்டு மாத்தினா ப்ளேட்ஸ். இல்லைன்னா இதையும் அதையும்னு ரெண்டையும் சேர்த்துச் சொல்லணும். இந்த மாதிரி வினைச்சொல்லுக்குப் பின்னால ஒண்ணே ஒண்ணு வந்து தனியா நிக்காது."

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. "நாமெல்லாம் பஸ் மாறி வந்தேன்னுதானுங்க சொல்றோம்? பஸ்கள் மாறி வந்தேன்னு எவனாச்சும் சொல்லுவானா? ஏறி வந்தது ஒரு பஸ்ஸு. இங்கிலீஷ்காரன் எதுக்குங்க அதைப் பலதாக்குறான்?"

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

"நீங்க ஏறின பஸ்ஸை மட்டும் சொல்றீங்க. அவன் நீங்க இறங்கின பஸ்ஸையும் சேர்த்துச் சொல்றான்."

"இறங்கினதுதான் போயிருச்சுங்களே!"

"போனாலும் அது உண்டுங்க ஐயா."

என்ன இழவு பாஷையோ என்று முணுமுணுத்துக்கொண்டே சென்னியப்பன் உட்கார்ந்தார். வெள்ளகோவில் பேரைச் சொன்னதிலேயே அவருக்குப் பாதி எரிச்சல். மச்சான் வீடு அங்கேதான். தினமும் அங்கே இறங்கி அடுத்த பஸ் பிடிக்கிறவர், அந்தத் தெருப் பக்கம் தலையைத் திருப்புவதில்லை.

கிளம்பும்போது டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். "நாளைக்கு வீட்டிலிருந்து ரெண்டு தட்டு கொண்டு வாங்க. மாத்திப் பழகிக்கலாம்."

மறுநாள் காலை மனைவி பாவாத்தாளிடம் தட்டுக் கேட்டார். அந்தம்மா எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அண்ணன் பேரை அவள் வாயால் சொல்லி மூணு வருஷம் ஆகிறது. சண்டை போட்டிருந்தால்கூடச் சென்னியப்பனுக்குத் தேவலை.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு டீச்சர் பையைப் பிரித்தார். ஒன்று எவர்சில்வர் தட்டு. இன்னொன்று பித்தளைத் தாம்பாளம், புளி போட்டு விளக்கிப் பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்ததும் சென்னியப்பனின் முகம் செத்துவிட்டது.

டீச்சர் விளிம்பில் வெட்டியிருந்த பேரைப் படித்தார். "குழந்தைவேலு, வெள்ளகோவில். யாருங்க இது?"

"வீட்டுக்காரி தெரியாம வச்சுட்டாளுங்க."

"யாருன்னு கேட்டேன்."

சென்னியப்பன் மென்று விழுங்கிச் சொன்னார். அந்தத் தாம்பாளத்தில்தான் தேங்காய், பழம், பூ, வெத்தலை பாக்கு வைத்து மச்சான் தன் மகனுக்குப் பெண் கேட்டு வந்தார். கொடுக்க இஷ்டமில்லை என்றால் அதைச் சொல்லியிருக்கலாம். நாக்கில் சனி. "களத்தை வளைச்சுப்போடத்தானே வந்தீங்க?" என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்டுவிட்டார். மச்சான் தாம்பாளத்தை அப்படியே வாசலில் வைத்துவிட்டுப் போனவர்தான். பழத்தை மாடு தின்றது. தாம்பாளம் பரணுக்குப் போனது.

"திருப்பிக் குடுக்கலையா?"

"வேணும்னா வந்து கேக்கட்டும்னு இருந்தேனுங்க."

டீச்சர் எவர்சில்வர் தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தாம்பாளத்தைத் தான் எடுத்துக்கொண்டார்.

"நீங்க பொண்ணு வீடு. நான் மாப்பிள்ளை வீடு. சொல்லிக்கிட்டே மாத்துங்க."

சென்னியப்பன் தொண்டையைச் செருமினார். "நவ் வீ எக்ஸ்சேஞ்ச் ப்ளேட்ஸ்." கடைசி எழுத்தை விடாமல் அழுத்திச் சொல்லித் தட்டை நீட்டினார்.

டீச்சர் வாங்கினார். தாம்பாளத்தின் மேலேயே அதையும் வைத்துக்கொண்டு நின்றார்.

சென்னியப்பன் நீட்டிய கையை மடக்காமல் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"குடுங்க டீச்சர்."

"எதுக்கு?"

"மாத்தோணுமல்லங்க?"

"மாத்தியாச்சே. உங்க தட்டு என்கிட்ட வந்துருச்சு."

"அட, அதெப்படிங்க? வாங்கி வச்சுக்கிட்டா மாத்தினதா ஆயிருமா? ஒரு மனுசன் வாசல்ல வந்து கையை நீட்டிக்கிட்டு நிக்கிறான், நீங்க பாட்டுக்கு..."

கை மட்டும் நீட்டியபடியே இருந்தது.

"எப்படி இருக்குங்க ஐயா?" என்று டீச்சர் கேட்டார்.

"அசிங்கமா இருக்குதுங்க" என்றார் சென்னியப்பன். இந்த வயதில் ஒரு சின்னப் பெண் முன்னால் கண் கலங்குவது வெட்கமாக இருந்தது. ஆனாலும் கலங்கியது.

டீச்சர் தாம்பாளத்தை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

சென்னியப்பன் அதைத் துண்டில் சுற்றிப் பைக்குள் போட்டார். "வெள்ளகோவில்ல எப்படியும் இறங்கித்தானுங்க ஆகோணும். ஒரு எட்டுப் போய்க் குடுத்துட்டு, பொண்ணு கூப்பிடறாள்னு சொல்லிட்டு வந்துரட்டுங்களா?"

"போய்ட்டு வாங்க."

கதவு வரைக்கும் போனவர் நின்றார்.

"மூணு வருசம் கழிச்சு, வெறும் தாம்பாளத்தைத் தூக்கிக்கிட்டு எந்த மூஞ்சியோட டீச்சர் போய் நிக்கிறது?"

டீச்சர் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்.

"அவர் வந்தப்ப வெறும் தாம்பாளமாவா கொண்டு வந்தார்?"