மண்டபத்துச் சுவரில் பன்னிரண்டு பேர்

மலையடிவாரத்து ஊர் ஒன்றில், குயிலி என்ற பெண்ணை மணியக்காரர் மகன் தோப்புக்குள் இழுத்துப்போய்ப் பலாத்காரம் செய்தான். ஊருக்கே தெரியும். ஆனால் பஞ்சாயத்தார் ஓவியர் மங்கையர்க்கரசியிடம் வந்து, மண்டபத்துச் சுவரில் குயிலி கதையை வரைந்து வைக்கச் சொன்னார்கள். மற்ற பெண்பிள்ளைகளுக்குப் புத்தி வருமாம்.

ஓவியர் சரி என்றுவிட்டார். அவருடைய சீடன் சேந்தன் குழைத்துக்கொண்டிருந்த வண்ணத்தைக் கீழே வைத்தான். குயிலி அவன் தங்கை.

"அம்மா, சுவரிலும் ஏறிவிட்டால் அவள் இந்த ஊரில் எப்படி நடமாடுவாள்?"

"அவள் முகத்தை வரையமாட்டேன். நீ போய் ஊரார் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொண்டு வா. ஒரு சொல் கூட்டாதே."

சேந்தன் வீடு வீடாகப் போனான். மெல்லிசுத் தாவணி என்றார் கடைக்காரர். தலை நிறையக் கனகாம்பரம் என்றார் பூசாரி. வாய்விட்டுச் சிரிக்கிறவள் என்றாள் பக்கத்து வீட்டு அத்தை. தையல்காரர் ஒரு படி மேலே போனார்.

"பின்கழுத்து மூணு விரல் இறக்கம்ப்பா. நான்தானே தச்சேன்."

பத்தாம் நாள் படம் முடிந்தது. குயிலி முதுகு காட்டி நிற்க, அவளைப் பற்றிச் சொன்னவர்கள் சுற்றி நின்றார்கள். கண்கள்தான் பாக்கி. கண் திறப்பது எப்போதும் கடைசியில், ஊர் கூடி நிற்கும்போதுதான்.

"அவரவர் எதைப் பார்த்ததாகச் சொன்னார்களோ, அந்தப் பக்கமே கண்ணைத் திற," என்றார் ஓவியர்.

சேந்தன் சாரத்தில் ஏறினான். கடைக்காரர் கண் தாவணியில். பூசாரி கண் பூவில். தையல்காரர் கண் பின்கழுத்தில். இப்படிப் பதினோரு பேர். இறங்கி நின்று முழுச் சுவரையும் பார்த்தான்.

நட்டநடுவில் மணியக்காரர் மகன் அவள் கையை முறுக்கிப் பிடித்திருக்கிறான். அவனை ஒருவரும் பார்க்கவில்லை.

கூட்டத்தில் அவரவர் தம்மைச் சுவரில் தேடினார்கள். தையல்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சுண்ணாம்பு பூசி அழிக்கச் சொன்னார் மணியக்காரர். யாரும் அசையவில்லை.

சேந்தன் அப்போதுதான் சுவரின் ஓரத்தைக் கவனித்தான்.

"அம்மா, இங்கே இன்னொருவன் கண்ணில்லாமல் நிற்கிறானே. இவன் என்ன சொன்னான்? நான் எழுதவில்லையே."

"குயிலி சொன்னாள். அவள் வீட்டுக்கு ஓடிவந்ததும், 'தோப்பு வழியா எதுக்குடி வந்தே?' என்று முதலில் கேட்டவன் இவன்."

தூரிகையை நனைத்துச் சேந்தனிடம் நீட்டினார்.

"திற."