கூனியின் பிடி

பல் மருத்துவர் சதாசிவத்துக்கு அறுபத்திரண்டு வயது. மனைவி இறந்த பிறகு கிளினிக்கைப் பூட்டிவிட்டு நீலகிரிக்கு வந்தார். அங்கே பிலோமினாவிடம் மீனை ஏமாற்றும் போலித் தூண்டில் பூச்சி கட்டக் கற்றுக்கொள்ளச் சேர்ந்தார். பிலோமினாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

முதல் பாடம் கூனி. விரல் நகம் அளவே இருக்கும், முதுகு வளைந்த ஓடை இறால். டிரவுட் மீன் அதை விரும்பித் தின்னும். அதே மாதிரி ஒன்று செய்ய வேண்டும். வளைந்த தூண்டில் முள்ளில் ஈயக் கம்பியைச் சுற்றி, முயல் ரோமத்தை நூலில் முறுக்கி உடம்பாக்கி, முதுகில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, செம்புக் கம்பியால் வரிவரியாக இறுக்க வேண்டும்.

சதாசிவம் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டார். கூடப் படித்தவர்கள் மறுவாரமே ஆற்றில் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை. எட்டு மாதமாக அதே கூனியைக் கட்டினார், பிரித்தார், மறுபடி கட்டினார். இது போதும், மீன் பிடிக்கப் போகலாம் என்று பிலோமினாவும் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டார்.

ஒரு நாள் காலையில், கட்டி முடித்ததைப் பிலோமினாவின் முன்னால் வைத்தார்.

"இன்னும் எது குறையுதுன்னு மட்டும் சொல்லுங்க டீச்சர். அசலாவே இருக்கணும்."

 பிலோமினா ஓடைக்குப் போய், ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் உயிருள்ள கூனிகள் நாலைந்தை அள்ளி வந்தார். சதாசிவம் கட்டியதன் கூர்முனையை நறுக்கிவிட்டு, அதை நூலில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கினார்.

பெரிய கூனி ஒன்று அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. சட்டென்று மேலே ஏறி, கால்களால் கட்டிக்கொண்டது.

"கடிக்குதா?"

"இல்ல. இது ஆண். பெண்ணை இப்படித்தான் பிடிச்சுக்கும். நாள்கணக்கா விடாது."

சதாசிவம் சிரிக்கப் போனார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நிஜப் பெண் கூனி ஒன்று பக்கத்தில் உரசிக்கொண்டு போனது. ஆண் திரும்பவில்லை. பிலோமினா அழுகிய இலைத் துணுக்கைப் போட்டார். மற்றவை எல்லாம் ஓடிப்போய் மொய்த்தன. அது மட்டும் அசையவில்லை.

பிலோமினா நூலை மெதுவாக மேலே தூக்கினார். தண்ணீரைத் தாண்டியும் கூனி விடவில்லை. காற்றில் அதன் பின்னங்கால்கள் துடித்தன. கட்டிக்கொண்ட கால்கள் இன்னும் இறுகின.

சதாசிவம் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"செத்துப்போயிடும் டீச்சர். விட்டுடுங்க."

பிலோமினா கையை இறக்கவில்லை. சதாசிவத்தின் முகத்தையே பார்த்தார்.

"அதை நான் பிடிச்சிருக்கலையே டாக்டர்."