ஜமீன்தார் கேட்ட கூடை

தன் மாளிகைக்குப் பக்கத்துச் சதுப்பு நிலத்தைத் தூர்த்துக் குதிரை மைதானம் போட நினைத்தார் ஜமீன்தார் வன்னியபூபதி. பாய்க்குக் கோரை அறுக்கும் குருவம்மா வந்து, "வேணாம் எசமான்" என்றாள்.

"வெறும் சேறு அது! என்ன வேலை செய்யுது? இப்பவே என் கூடத்துல காட்டு, விட்டுடுறேன்."

குருவம்மா ஓடிப்போய், கோடையில் காய்ந்து கிடந்த சதுப்பு மண்ணைக் கோரை வேரோடு பெயர்த்து, ஒரு கூடை நிறையக் கொண்டுவந்தாள். அதில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினாள். சொட்டுக்கூடக் கீழே ஒழுகவில்லை.

"இதுல என்ன அதிசயம்?"

"இப்பத் தூர்த்தாச்சுன்னு வெச்சுக்குங்க" என்று கூடையை நகர்த்திவிட்டு, அடுத்த செம்பைத் தரையில் கவிழ்த்தாள். தண்ணீர் நேராக அவருடைய பட்டு வேட்டியைத் தேடி ஓடியது.

ஜமீன்தார் நாற்காலிமேல் ஏறிக்கொண்டு கத்தினார்: "அந்தக் கூடையைக் கொண்டா, சீக்கிரம்!"

"இது ஒரு செம்புதான் எசமான். ஐப்பசி மழை வந்தா எந்தக் கூடையைக் கேப்பீங்க?"