மீசைக்கார மீன் யாருடையது?

மீசை உண்டு, முறுக்கத் தெரியாது. முள் உண்டு, செடி இல்லை. ஆற்றுக்குள் இருக்கிறது. அது என்ன? தெரியாவிட்டால் கதையைக் கேளுங்கள், நடுவில் அதுவே வந்து குத்தும்.

ஆறு பெருகி, பூரணத்தின் நாற்று வயலுக்குள் புகுந்தது. வெள்ளம் வடிந்ததும் கெண்டை, விரால், கெளுத்தி எல்லாம் சேற்றில் துள்ளின. பூரணமும் மகள் தங்கபுஷ்பமும் அவற்றைப் பிடித்துப் பானையில் போட்டார்கள். நாற்றுதான் போயிற்று, இன்றைக்குக் குழம்பாவது கிடைக்குமே!

மீன் குத்தகைக்காரர் வேலப்பர் மீசையை முறுக்கிக்கொண்டு வந்தார்.

"ஆத்து மீன் எங்கே கிடந்தாலும் என்னுது. பானையைக் கொடு."

"உங்க மீனா ஐயா? என் நாத்தையெல்லாம் உழப்பிப் போட்டுட்டுதே! வயல்ல இறங்கின மாட்டைப் பட்டியில அடைப்போம். உடையவர் வந்து, என்னுதுன்னு தன் கையால பிடிச்சுக்கிட்டுப் போவார். அதுதானே ஊர் வழக்கம்? இந்தப் பானைதான் பட்டி. பிடிச்சுக்குங்க."

ஊரே வேடிக்கை பார்க்க, வேலப்பர் பானைக்குள் கையை விட்டார். கெளுத்தி முள் சுருக்கென்று குத்தியது.

"ஐயோ! இந்தச் சனியன் என்னுது இல்லை!"

"அதுவும் அதே வெள்ளத்துலதான் வந்துச்சு ஐயா. கெளுத்தி உங்களுது இல்லேன்னா, கெண்டை மட்டும் எப்படி உங்களுது?"

ஊர் சிரித்தது. வேலப்பர் விரலைச் சப்பிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

"குழம்புக்கு எந்த மீன் வேணும்?" என்று பூரணம் மகளைக் கேட்டாள்.

தங்கபுஷ்பம் கெளுத்தி என்றாள்.