கழுதைக்கார ஹவில்தார்

நாமக்கல்லில் ஒரு பார்சல் கிடங்கு. அங்கே சூப்பர்வைசர் வேலை காலி என்று கேள்விப்பட்டுப் போய் நின்றார், ராணுவத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு வந்த ஹவில்தார் தவசியாண்டி. முதலாளியம்மா ஓரமாக உட்கார்ந்திருக்க, மேனேஜர் குணசீலன் சர்ட்டிபிகேட்டைப் படித்துப் படித்துச் சிரித்தார்.

"கோவேறு கழுதைப் பிரிவா? அங்கே கழுதை மேய்ச்சிட்டு, இங்கே மனுஷங்களை மேய்க்க வந்துட்டியாக்கும்!"

"பனிமலை உச்சிக்கு அரிசியும் குண்டும் கொண்டுபோனது அதுங்கதான் சார்," என்றார் தவசியாண்டி, அசராமல்.

"இங்கே ஆறு மாசத்துல நாலு சூப்பர்வைசர் ஓடிட்டானுங்க. அதுக்கு உன் கழுதை வித்தையில வழி இருக்கா? இருந்தா சொல்லு, இப்பவே வேலை தர்றேன்."

"இருக்குங்க சார். ஒரு கழுதை ஓடினா அதோட குளம்பைப் பார்ப்போம். ஒரே லாயத்துல இருந்து நாலு ஓடினா, கழுதைங்களைக் குத்தம் சொல்ல மாட்டோம். லாயத்தைப் பார்த்துக்கிற ஆளை மாத்திடுவோம்."

மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் மூட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

"வெளியே போடா!" என்று கத்தினார் குணசீலன்.

தவசியாண்டி வாசல் பக்கம் திரும்பினார். முதலாளியம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"நீங்க உட்காருங்க ஹவில்தார். குணசீலன், உங்க சர்ட்டிபிகேட்டை எடுத்துட்டு வாங்க, பார்க்கலாம்."