கொல்வதற்கு ஒருவரும் இல்லை

"நினைவகம் பத்தல டீச்சர்," என்றார் பூதலிங்கம். "அறுபத்துநாலு எம்பியை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? இரட்டிப்பாக் குடுங்க. பெட்டி சாகாது."

ஹமீதா ஜன்னல் ஓரத்தில் இருந்த இன்னொரு பெட்டியைக் கை காட்டினார்.

அந்தப் பெட்டிக்குப் பூதலிங்கம் கேட்ட அளவு நினைவகம் இருந்தது. இரண்டு நாளைக்கு முன்பே அதை ஓடவிட்டு வைத்திருந்தார் ஹமீதா.

அதுவும் செத்துக் கிடந்தது.

*

தூத்துக்குடியில் நாட்டுப் படகுகளுக்கு ஆபத்துப் பெட்டி செய்கிற சின்ன அலுவலகம் அது. கடலில் எஞ்சின் நின்றாலோ, தண்ணீர் ஏறினாலோ, பெட்டியில் உள்ள சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும். கரையில் மணி அடிக்கும். ஆட்கள் தேடிப் போவார்கள்.

ஹமீதா அங்கே தலைமைப் பொறியாளர். முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர் என்பதால் எல்லாருக்கும் டீச்சர். வயது முப்பத்துநாலு.

அவரிடம் பாடம் கேட்க வந்த பூதலிங்கத்துக்கு ஐம்பத்தேழு. தொலைபேசி இணைப்பகத்தில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து, பெட்டிக்குள் எல்லா நிரல்களையும் கட்டி மேய்க்கும் கெர்னலோடு மல்லுக்கட்டக் கற்றுக்கொண்டவர். எந்த நிரலுக்கு எவ்வளவு இடம், எது இருக்கலாம், எது போகலாம் என்று கெர்னலுக்கு எழுதி வைப்பது அவர் வேலை.

போன புதன்கிழமை கஸ்மீர் என்பவருடைய வள்ளம் பன்னிரண்டு மைல் தூரத்தில் எஞ்சின் நின்று கிடந்தது. அவர் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். கரையில் மணி அடிக்கவில்லை. பெட்டி செத்திருந்தது. அந்தப் பக்கம் வந்த இன்னொரு வள்ளம் பார்த்து இழுத்து வந்தது.

கஸ்மீர் நேரே அலுவலகத்துக்கு வந்து பெட்டியை மேசைமேல் வைத்தார்.

"இதை நம்பி என் மவனை அனுப்ப மாட்டேன்," என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

கஸ்மீர் மாட்டாத பெட்டியை அந்தக் கரையில் வேறு யாரும் மாட்ட மாட்டார்கள். ஆடிக் காற்று தொடங்க எட்டு நாள்தான் இருந்தது.

*

"சாகும்போது என்ன சொல்லிட்டுச் செத்துச்சு?" என்று கேட்டார் ஹமீதா.

பெட்டி கடைசியாகப் பதிந்து வைத்த வரியைப் பூதலிங்கம் வாசித்தார்.

"நினைவகம் தீர்ந்தது. கொல்வதற்கு ஒருவரும் இல்லை."

"மறுபடி வாசிங்க."

வாசித்தார்.

"உள்ள எத்தனை நிரல் ஓடுது?"

"பதினேழு."

"பதினேழு பேரை வச்சுக்கிட்டு ஒருத்தரும் இல்லைங்குதே. ஏன் அண்ணாச்சி?"

பூதலிங்கம் தலையைச் சொறிந்தார். ஏன் என்று அவருக்குத் தெரியும்.

கெர்னலுக்கு ஒரு வழக்கம் உண்டு. இடம் தீர்ந்து போனால் பெருத்த நிரலாகப் பார்த்து ஒன்றை நிறுத்தும். மற்றவை பிழைத்துக்கொள்ளும். ஆனால் ஒரு நிரலுக்கு நேரே மைனஸ் ஆயிரம் என்று எழுதிவிட்டால் கெர்னல் அதைத் தொடாது. எதையுமே தொட முடியாமல் போனால் பெட்டியே செத்துவிடும்.

மீன் விலை காட்டும் நிரலை எழுதிய ஜெனோவா வந்து, "என்னோடதுக்கு மைனஸ் ஆயிரம் போட்டுருங்க அண்ணாச்சி" என்று கேட்டாள். போட்டார். பாட்டு நிரல் எழுதிய சிவனணைந்தான் கேட்டான். போட்டார். கேட்க வராதவர்களுக்கும், பாவம் அவர்கள் மட்டும் என்ன பாவம் செய்தார்கள் என்று போட்டார். பதினேழுக்கும் மைனஸ் ஆயிரம்.

நல்ல மனுஷன் என்று பேர் வாங்குவதில் அவருக்கு ஓர் ஆசை. அந்த ஆசை பிடித்தவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்.

"நினைவகம் வீணா ஒழுகுற இடத்தை எல்லாம் அடைச்சிட்டா?" என்றார் பூதலிங்கம் மெதுவாக.

"அடைங்க. இன்னொரு இடத்துல ஒழுகும். வரிசை எழுதிட்டு வாங்க. யார் முதல்ல போகணும், யார் கடைசி."

*

வரிசை எழுதினார்.

கடைசிப் பெயர் சுலபமாக வந்தது. சிவப்புப் பொத்தான்.

முதல் பெயருக்கு ஒரு டீ குடித்து யோசித்தார். பிறகு ஜெனோவாவின் மீன் விலையை எழுதினார். அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. எதிர்த்துப் பேச மாட்டாள்.

அலைப்படம் பதினாறாவது. சிவப்புப் பொத்தானுக்கு முந்தினது.

அலைப்படம் பூதலிங்கமே எழுதியது. எங்கே அலை எவ்வளவு உயரம் என்று நீலம், பச்சை, சிவப்பாகத் திரையில் அசையும். இரண்டு வருஷ உழைப்பு. பெட்டியின் நினைவகத்தில் பாதியை அது ஒன்றே தின்றது. அழகாகத்தான் இருக்கும், அதை இல்லை என்று சொல்ல முடியாது.

ஹமீதா வரிசையை மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார்.

"போய் எல்லார்கிட்டயும் வாசிச்சுக் காட்டிட்டு வாங்க."

பூதலிங்கம் போனார். ஒரு மணி நேரம் கழித்து வியர்த்து வந்தார். பாட்டை விட மீன் விலை இளப்பமா என்று ஜெனோவா கேட்டிருக்கிறாள். அப்படியானால் பாட்டைத் தூக்கப் பார்க்கிறீர்களா என்று சிவனணைந்தான் எழுந்திருக்கிறான். சத்தம் தெருவரைக்கும் கேட்டிருக்கிறது. சமாதானம் பண்ணுவதற்காக மறுபடி பதினேழுக்கும் மைனஸ் ஆயிரம் போட்டுவிட்டு வந்திருந்தார்.

"நீங்க சொன்னா கேப்பாங்க டீச்சர்."

"கேப்பாங்க."

"அப்போ சொல்லுங்களேன்."

"கஸ்மீர் அண்ணனைப் பார்த்து ஒண்ணு கேட்டுட்டு வாங்க. காத்துல வள்ளத்துக்குள்ள தண்ணி ஏறுனா, எதை முதல்ல கடல்ல போடுவாருன்னு."

*

கஸ்மீர் மணலில் உட்கார்ந்து வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

"பெட்டியைப் பத்தின பேச்சுன்னா இப்பமே திரும்பிருங்க சார்."

"அது இல்ல." பூதலிங்கம் கேட்க வந்ததைக் கேட்டார்.

"ஐஸு," என்றார் கஸ்மீர் தலை நிமிராமல். "பெறகு மீனு. அதுக்கும் அடங்கலேன்னா வலை."

"யார் வலை?"

இப்போது கஸ்மீர் நிமிர்ந்தார்.

அந்த வள்ளத்தில் ஐந்து பேர். ஆளுக்கொரு வலை கொண்டுவந்து, ஐந்தையும் ஒன்றாகக் கோத்துத்தான் கடலில் விடுவார்கள். யாருக்கும் தன் வலை உசத்திதான். வலை இல்லாதவனுக்குப் பங்கு குறைந்துவிடும்.

"அதைக் கடல்ல வச்சா பேசுவாங்க? கரையிலேயே பேசி முடிச்சிருவோம். யாரது முதல்ல, யாரது ரெண்டாவதுன்னு. பெறகுதான் ஏறுவோம்."

"சண்டை வராதா?"

"வராது."

"எப்படி வராம இருக்கும்?"

"முதல்ல போறது என் வலை. வள்ளம் என்னோடதுல்லா?"

பூதலிங்கம் கால் மாற்றி நின்றார். மணல் சுட்டது.

"அது நல்ல வலையா இருந்தா?"

"நல்ல வலைதான். போன வருசம் வாங்குனது." கஸ்மீர் மறுபடி சிக்கெடுக்கத் தொடங்கினார்.

*

பஸ்ஸில் பூதலிங்கம் அலைப்படத்தையே நினைத்துக்கொண்டு வந்தார். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டார். திரும்பி நடந்தார். துக்கமாக இருந்தது.

மறுநாள் காலை யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அலைப்படத்துக்கு நேரே இருந்த மைனஸை அழித்தார். பிளஸ் ஆயிரம் என்று எழுதினார். இடம் தீர்ந்தால் முதலில் இதைக் கொல் என்று அதற்குப் பொருள்.

பிறகு டீ ஃபிளாஸ்க் வைக்கும் மேசைக்கு மேலே ஒரு தாளை ஒட்டினார். ஒன்று முதல் பதினேழு வரை எண். ஒன்றுக்கு நேரே, 'அலைப்படம், பூதலிங்கம்.' பதினேழுக்கு நேரே, 'சிவப்புப் பொத்தான்.' நடுவில் ஒன்றும் இல்லை.

பதினோரு மணி டீக்கு வந்த ஜெனோவா அதைப் படித்தாள். டீ ஆறும்வரை நின்று படித்தாள். அப்புறம் பேனாவை எடுத்து, இரண்டுக்கு நேரே தன் பெயரை எழுதிவிட்டுப் போனாள்.

சாயங்காலத்துக்குள் நடுவில் பதினான்கு வரிகள் நிரம்பின. சிவனணைந்தான் மட்டும் இரண்டு நாள் எழுதவில்லை. மூன்றாம் நாள் அவனும் எழுதினான், முணுமுணுத்துக்கொண்டே. அந்த வரிசைப்படியே பூதலிங்கம் கெர்னலுக்கு எண்களை மாற்றி எழுதினார்.

*

ஹமீதா நினைவகத்தைத் தின்பதற்கென்றே ஒரு சோதனை நிரலைப் பெட்டிக்குள் அவிழ்த்துவிட்டார்.

எல்லாரும் சுற்றி நின்றார்கள். இடம் குறைந்தது. இன்னும் குறைந்தது. தீர்ந்தது.

திரையில் அசைந்துகொண்டிருந்த அலைகள் சட்டென்று போயின. திரை கறுப்பானது. மற்றவை ஓடிக்கொண்டிருந்தன. சிவப்புப் பொத்தானின் விளக்கு சிமிட்டக்கூட இல்லை.

"எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"ரெண்டு வருசம் டீச்சர்."

ஹமீதா தலையாட்டினார். சோதனை நிரலை இன்னொரு முறை ஓடவிட்டார்.

*

ஆடிக்கு முந்தின நாள் கஸ்மீரை வரச் சொல்லியிருந்தார்கள். வேண்டா வெறுப்பாக வந்தார். உட்காரவில்லை.

இடம் தீர்ந்து போன பெட்டியை அப்படியே அவர் கையில் கொடுத்தார் பூதலிங்கம்.

"அமுக்குங்க."

கஸ்மீர் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். அடுத்த அறையில் மணி அடித்தது. விட்டுவிட்டு மறுபடி அமுக்கினார். மறுபடி அடித்தது.

பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல கலர் கலரா ஒரு படம் ஓடுமே. எங்க?"

"இடம் பத்தலேன்னா முதல்ல அதுதான் போகும்."

"நல்லாருக்குமே அது."

"ஆமா."

"யார் செஞ்சது?"

"நான்தான்," என்றார் பூதலிங்கம்.

கஸ்மீர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"மவன் நாளைக்குப் போறான்," என்றார்.