கெடுதல் தெரியவில்லை

ஒரு காட்டில் உண்ணித் தொல்லை தாங்க முடியவில்லை.

அந்த வருஷம் கோடைமழை பொய்த்துவிட்டது. புல் காய்ந்தது, உண்ணி பெருகியது. மானின் கழுத்தில் உண்ணி, பன்றியின் அடிவயிற்றில் உண்ணி, எருமையின் காதுமடலுக்குள் உண்ணி. எருமைக்கன்றுகள் மரத்தில் உரசி உரசித் தோல் பிய்ந்து நின்றன. கொக்குகள் நாள் முழுக்கக் கொத்தியும் மாளவில்லை.

அப்போது ஓரியன் என்ற நரி ஒரு சாம்பல்நிறப் பொடியைக் கொண்டுவந்தான். காட்டை ஒட்டி, மனிதர்கள் பூட்டிவிட்டுப் போன சாயப்பட்டறை ஒன்று இருந்தது. அதன் கொல்லைப்புறத்தில் இந்தப் பொடி குவிந்து கிடந்தது. ஓரியன் ஒருநாள் அதில் தெரியாமல் புரண்டுவிட்டான். எழுந்து உதறினால் உடம்பில் ஒரு உண்ணி இல்லை. சும்மா சொல்லக்கூடாது, அவன் அதைத் தனக்கென்று ஒளித்துவைக்கவில்லை. தேக்கிலையில் பொதிந்து காட்டுக்குக் கொண்டுவந்தான். பதிலுக்கு நண்டும் கிழங்கும் வாங்கிக்கொண்டான் என்பது வேறு விஷயம்.

ஆனால் அந்தக் காட்டில் ஒரு சட்டம் உண்டு. இலையோ, வேரோ, பொடியோ, புதிதாக எது வந்தாலும் சோதனை மன்றம் முதலில் பார்த்துச் சொல்ல வேண்டும். மன்றத்துக்குத் தலைவர் குஞ்சரம் என்ற யானையார். அவரோடு ஒரு எருமை, ஒரு கரடி. மூவரும் பெருத்த உடம்புக்காரர்கள். அதற்கும் ஒரு காரணம் இருந்தது. முன்பு ஒரு முயல் சோதனைக்காக ஏதோ காயைத் தின்று செத்துப்போயிற்று. "சின்ன உயிர்களை இனி வதைக்க வேண்டாம். தாங்குகிற உடம்பு உள்ளவர்களே சோதித்துப் பார்க்கட்டும்" என்று புலியரசி உத்தரவு போட்டுவிட்டாள். நல்ல மனசோடு செய்த ஏற்பாடுதான். நல்ல மனசு மட்டும் இருந்தால் போதுமா?

மன்றத்தின் முன்னால் எப்போதும் வரிசை. குரங்குகள் கொண்டுவந்த கொட்டைகளும் பன்றிகள் தோண்டிய கிழங்குகளும் பார்க்க ஆளில்லாமல் வாடிக் கிடந்தன. இதில் உண்ணிக்கடி வேறு. சீக்கிரம் ஆகட்டும், சீக்கிரம் ஆகட்டும் என்று எல்லோரும் யானையாரை நச்சரித்தார்கள். அவருக்கும் காதுக்குள் அரிப்புத்தான்.

எருமையின் முதுகில் பொடியைத் தேய்த்தார்கள். உண்ணி பொலபொலவென்று உதிர்ந்தது. எருமை பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு நின்றது. சில நாள் கவனித்தார்கள். சொறி இல்லை, கழிச்சல் இல்லை, தீனியும் குறையவில்லை. யானையார் தும்பிக்கையைத் தூக்கி, மன்றத்தின் வழக்கமான வாசகத்தைச் சொன்னார்: "கெடுதல் தெரியவில்லை."

இந்த வாசகத்துக்கு அங்கே இரண்டு வேலை. நன்றாகப் பார்த்து, கெடுதல் எதுவும் கண்ணில் படாவிட்டாலும் "தெரியவில்லை". பார்க்கவே நேரமில்லாமல், அதனால் ஒன்றும் தெரியாவிட்டாலும் "தெரியவில்லை". நம் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல்தானே. அதனால் யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

மன்றம் சொன்னதைக் காட்டுக்கு அறிவிப்பது கிளியின் பொறுப்பு. நீளமாக எதையாவது பறந்துகொண்டே கத்தினால் பாதி காற்றோடு போய்விடும் என்பது கிளியின் அனுபவம். அதனால் எதையும் சுருக்கிச் சொல்லிப் பழகியிருந்தது. மரத்துக்கு மரம் போய், "நரிப்பொடி! கெடுதல் இல்லை! நரிப்பொடி! கெடுதல் இல்லை!" என்று கூவியது.

பிறகு என்ன? காடே சாம்பல் பூசிக்கொண்டது. பூசியவர்கள் வெயிலுக்குக் குளத்தில் இறங்கிப் புரண்டார்கள். கன்றுகள் வெகுநாளைக்குப் பிறகு நின்றபடி தூங்கின. ஓரியனை எல்லோரும் வாழ்த்தினார்கள்.

அந்தக் குளத்தின் கோரைப்புல்லுக்குள் செம்மூக்கி என்ற நீர்க்கோழி கூடு கட்டியிருந்தாள். பொரித்துச் சில நாளே ஆன மூன்று குஞ்சுகள். கறுப்பாக, உள்ளங்கை அகலம்கூட இல்லாமல், ஓயாமல் கீச்சிட்டுக்கொண்டு அவள் பின்னாலேயே நீந்தும்.

எருமைகள் குளத்தில் இறங்கத் தொடங்கிய பிறகு, கடைக்குட்டி நீந்தாமல் ஒரே இடத்தில் சுற்றியது. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது. மறுநாள் செத்துப்போயிற்று. அடுத்தது தீனியை விட்டது. தவளைகள் கரையில் மல்லாந்து கிடப்பதைச் செம்மூக்கி அப்போதுதான் கவனித்தாள். பாசியில் ஒரு சாம்பல் படலம் இருந்தது. அந்தப் பாசியைத்தான் அவள் குஞ்சுகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அது தெரிந்ததும் அலகில் இருந்த பாசியைத் துப்பினாள்.

வேறு குளத்துக்குப் போகலாம் என்றால் குஞ்சுக்கு இறகு முளைக்கவில்லை. நடத்திக் கூட்டிப்போனால் நடுவில் வெட்டவெளிப் பாறை, மேலே பருந்து. இந்தத் தண்ணீர் சரியாக வேண்டும், இல்லாவிட்டால் குஞ்சுகள் பிழைக்காது.

அவள் மன்றத்துக்கு ஓடினாள். யானையார் தழை ஒடிக்கப் போயிருந்தார். கரடிதான் இருந்தது. அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, அந்தப் பொடியில் கெடுதல் இல்லை என்று முன்பே அறிவித்தாயிற்றே என்றது கரடி. குஞ்சு என்றால் ஒன்றிரண்டு போகத்தான் செய்யும், பாம்பு தொட்டிருக்கும், சூடு தாக்கியிருக்கும் என்றது. பொடியால்தான் என்று நிரூபித்தால் வரிசையில் சேர்த்துக்கொள்கிறோம், கிழங்குக்குப் பிறகு பார்க்கலாம் என்றும் சொன்னது. அவள் திரும்பி வந்தபோது இரண்டாவது குஞ்சும் போயிருந்தது.

அன்று மாலை யானையார் குளத்தில் இறங்கக் காலைத் தூக்கினார். செம்மூக்கி அவர் காலடியில் வந்து நின்றுகொண்டாள். மிதித்தால் மிதிக்கட்டும் என்று நின்றாள்.

"ஐயா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். கெடுதல் தெரியவில்லை என்றீர்களே, பார்த்தும் காணவில்லையா, இல்லை பார்க்கவே இல்லையா?"

யானையாருக்குக் கோபம் வந்துவிட்டது. எருமையைப் பார்த்தோமே, எத்தனை நாள் கூடவே நின்று பார்த்தோம் என்றார்.

"எருமையைப் பார்த்தீர்கள். என் குஞ்சைப் பார்த்தீர்களா? தண்ணீரைப் பார்த்தீர்களா?"

யானையார் தூக்கிய காலைப் பின்னால் வைத்தார். பாசியைத் தும்பிக்கையால் விலக்கி மோந்து பார்த்தார். மல்லாந்து கிடந்த தவளைகளைப் பார்த்தார். கூட்டுக்குள் அசையாமல் கிடந்த குஞ்சையும் பார்த்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்று ஊரார் சொல்வதை அவர் எத்தனையோ முறை கேட்டுச் சிரித்திருக்கிறார். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை புலியரசி சபையைக் கூட்டினாள்.

முதலில் எல்லோரும் கிளியின் மேல் பாய்ந்தார்கள். கிளி சிறகைச் சிலுப்பிக்கொண்டு, தலைவர் சொன்னதைத்தானே சொன்னேன், கொஞ்சம் சுருக்கினேன், அவ்வளவுதான் என்றது. யானையார் குறுக்கிட்டார். கிளி சுருக்கியது தப்புத்தான், ஆனால் சுருக்க இடம் கொடுத்தது என் சொல் என்றார். பார்த்ததற்கும் பார்க்காததற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டேன், பார்க்காத பாதிக்குள் ஒரு குளமே இருந்தது என்றார். தலைவர் இப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. கரடி தரையைப் பார்த்துக்கொண்டது.

பிறகு ஒரு தாய் எருமை முன்னால் வந்தது. அதன் கன்று காலுக்கிடையில் நின்றது. "பொடியை நிறுத்தினால் என் பிள்ளையின் ரத்தத்தை உண்ணி குடிக்கும். அதற்கு யார் பதில் சொல்வது?" என்று கேட்டது. அதுவும் நியாயமான கேள்விதான். சபை இரண்டாகப் பிரிந்து முணுமுணுத்தது.

ஓரியனுக்குத் தெம்பு வந்துவிட்டது. அவன் நடுவில் வந்து புலியரசியைப் பார்த்து வாலை ஆட்டினான். தாயே, இந்தப் பொடியை நான் தினமும் பூசுகிறேன், என் மனைவி பூசுகிறாள், எங்களுக்கு ஒரு தும்மல்கூட இல்லை என்றான். இரண்டு குஞ்சு செத்ததற்காகக் காடு முழுவதும் சொறிந்துகொண்டு சாக வேண்டுமா என்றும் கேட்டான். பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

புலியரசி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உன் குட்டிகளும் பூசிக்கொள்கின்றனவா?" என்று கேட்டாள்.

"குட்டிகளா? அதெப்படி தாயே, அதுகள் பச்சைக் குட்டிகள். பூசிய கையோடு நான் வளைக்குள்ளேயே போவதில்லை. மண்ணில் புரண்டு துடைத்துவிட்டுத்தான் போவேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. வாலாட்டம் நின்றுவிட்டது.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஓரியன் பொய்யன் இல்லை. பொடியில் ஏதோ இருக்கிறது என்று அவன் மூக்குக்குத் தெரிந்திருக்கிறது. தகப்பன் புத்தி குட்டிகளைத் தள்ளிவைத்தது, வியாபாரி புத்தி அதை வெளியே சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

செம்மூக்கி மெதுவாக அவன் முன்னால் வந்தாள்.

"என்னுடையதும் பச்சைக் குஞ்சுதான், அண்ணே."

ஓரியன் தலையைத் தொங்கப் போட்டான். அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்போதும் அவள் அழவில்லை. கூட்டில் மிச்சமிருந்த ஒரு குஞ்சு தனியாக இருக்கிறதே என்று திரும்பி நடந்தாள்.

புலியரசி அங்கேயே உத்தரவு போட்டாள். குளத்துக்கு வருகிற யாரும் இனிப் பொடி பூசக்கூடாது. மன்றம் குளத்தைச் சோதித்துச் சொல்லும்வரை எருமைகள் சேறு பூசிக்கொள்ளட்டும். பாதி உண்ணிதான் போகும், பாதி கடிக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு பொருளைக் கொண்டுவருகிறவன், அதை யாருக்கெல்லாம் கொடுக்கப் பயப்படுகிறான் என்று மன்றத்தில் முதலிலேயே சொல்ல வேண்டும். மறைத்தால் காட்டைவிட்டு வெளியே. மன்றத்தில் ஒரு தவளைக்கும் இடம் உண்டு. அதைத் தின்னச் சொல்லிச் சோதிக்க அல்ல, அதன் இடத்தில் என்ன நடக்கிறது என்று கேட்க.

யானையார் தன் பங்குக்கு அந்தப் பழைய வாசகத்தையே ஒழித்தார். இனிமேல் பார்த்தது தனி, பார்க்காதது தனி. எருமைக்குப் பார்த்தோம், கெடுதல் காணோம். குளத்துக்கு இன்னும் பார்க்கவில்லை, அதுவரை அங்கே வேண்டாம். இத்தனை நீளத்தையும் ஒரு சொல் விடாமல் கத்த வேண்டும் என்றதும் கிளிக்கு முகம் சுண்டிவிட்டது. ஒவ்வொரு மரத்திலும் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டுதான் சொல்ல முடிந்தது. கேட்பவர்களும், அட, சுருக்கமாகச் சொல்லேன் என்று சலித்துக்கொண்டார்கள். ஆனால் காத்திருந்து கேட்டார்கள்.

சபை கலைந்ததும் யானையார் நேராகக் காய்ந்த ஓடைக்குப் போனார். மணலைக் காலால் பறித்து, தும்பிக்கையால் அள்ளி எறிந்து ஆழமாக ஊற்றுத் தோண்டினார். தெளிந்த தண்ணீர் கசிந்து நிறையும்வரை நகரவில்லை. பிறகு குளத்துக்குத் திரும்பி வந்து, கூட்டோடு குஞ்சைத் தும்பிக்கையில் ஏந்திக்கொண்டார். வெட்டவெளிப் பாறையில் செம்மூக்கி அவர் நிழலிலேயே ஓடிவந்தாள். மேலே பருந்து வட்டமிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

குஞ்சு இரண்டு நாள் கழுத்தைத் தூக்கவில்லை. அதற்கப்புறம் ஒரு காலையில் தாய் நீட்டிய புழுவைக் கொத்தியது. அதைப் பார்த்த பிறகுதான் செம்மூக்கி அழுதாள்.

பார்க்காத கெடுதலை இல்லாத கெடுதல் என்று சொன்னால், அதன் விலையைக் கொடுப்பது சொன்னவர் அல்ல, எளியவரின் பிள்ளை.